கறுப்புக் காய்களின் துணிவு

சேலத்திலிருந்து ஏற்காட்டிற்கு ஏற இரண்டு வழிகள் உண்டென்பதை நம் மறைமாவட்டத்தார் நன்கறிவர். அடிவாரம் வழியாக இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து செல்வது பெருவழி. மழைக்காலத்தில் மண் சரிந்து பாறை உருண்டு அவ்வழி அடைபடும்போது வண்டிகள் குப்பனூர்ப் பக்கம் திருப்பப்படுகின்றன. கொட்டச்சேடு வழியாகச் சுற்றி, மலையின் மறுபுறத்தால் ஏறி, அதே ஏற்காட்டைச் சென்றடைகின்றன. நேர்வழியில் நின்று முட்டி மோதாமல், பக்கவாட்டிலிருந்து புகுந்து உச்சியைப் பிடிக்கும் இத்தகைய வழியொன்று சதுரங்க ஆட்டத்திலும் உண்டு. அதன் பெயர் சிசிலியன் தற்காப்பு. குப்பனூரிலிருந்து காலைப் பேருந்து ஏறிச் சேலத்தில் நடக்கும் சிறுவர் போட்டிக்குச் செல்லும் பிள்ளைகளுள் பலர் இன்று இம்முறையைக் கற்று ஆடுகின்றனர். அவர்களை அழைத்துச் செல்லும் பெற்றோருள் பலர் இதைக் கண்டு அஞ்சுகின்றனர். அந்த அச்சத்தைப் பற்றியே இங்குச் சிறிது பேச விரும்புகிறோம்.

சிறுவர் சதுரங்கப் போட்டியை நேரில் காணாதவர்க்காக ஒரு சொல். நீண்ட மண்டபம்; வரிசை வரிசையாய் மேசைகள்; மேசைதோறும் ஒரு பலகையும் ஒரு கடிகாரமும். ஒரே நாளில் ஐந்தாறு சுற்றுகள் நடைபெறும். வென்றவன் அடுத்த சுற்றில் வென்றவனோடும், தோற்றவன் தோற்றவனோடும் மோதுவான். சுவிஸ் முறை என்பது இதுவே. வெற்றிக்கு ஒரு புள்ளி, சமனுக்கு அரைப்புள்ளி, தோல்விக்கு ஒன்றுமில்லை. தொட்ட காயை நகர்த்தியே தீரவேண்டும். தாயும் தந்தையும் பயிற்சியாளரும் வாயிற்கதவுக்கு வெளியே நிற்கவேண்டும். உள்ளே எட்டு வயதுப் பிள்ளைக்குத் துணை எவருமிலர். கதவு திறந்து பிள்ளை வெளியே வரும் அந்த நொடியில் பெற்றோர் முகத்தைப் பார்க்கவேண்டும்! "என்ன ஆச்சு?" என்ற கேள்விக்குத் தலைகுனிந்து நிற்கும் பிள்ளையிடம், "கறுப்பு வந்தா ஒழுங்கா ஆடி டிராவாவது பண்ண வேண்டியதுதானே! அந்தச் சிசிலியனை யாரு ஆடச் சொன்னா?" என்று ஒரு தந்தை கடிந்துகொண்டதை நாம் கேட்டிருக்கிறோம். அப்பிள்ளை அழவில்லை. அழுதிருந்தால் நமக்குச் சற்று ஆறுதலாய் இருந்திருக்கும்.

கறுப்புக் காய்களைப் பெற்ற பிள்ளையின் நிலை என்ன? முதல் நகர்த்தல் எப்போதும் வெள்ளைக்கே உரியது. ஆகவே கறுப்பு ஆடுபவன், ஆட்டம் தொடங்கும் முன்பே ஓரடி பின்தங்கியவன். வெள்ளை, ராஜாவின் முன் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் முன்னே தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். கறுப்பும் அதே சிப்பாயை அவ்வாறே தள்ளி எதிரே நிறுத்தலாம். கண்ணாடியில் தெரியும் நிழல்போல் எதிராளி செய்ததையே செய்து, அடங்கி ஒடுங்கி, அரைப்புள்ளிக்கு வழி தேடலாம். பாதுகாப்பான வழிதான். சிசிலியன் ஆடும் பிள்ளையோ அச்சிப்பாயைத் தொடுவதில்லை. ராணியின் பக்கத்து மந்திரிக்கு முன் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுகிறான். நடுக்களத்தை உன்னோடு நேருக்கு நேர் நின்று பங்கிடமாட்டேன், பக்கத்திலிருந்து தாக்குவேன் என்பது அதன் பொருள்.

(மந்திரி என்றதும் ஓர் இடைக்குறிப்பு. நாம் மந்திரி என்னும் இக்காயை ஆங்கிலேயர் ஆயர் என்னும் பெயராலேயே அழைக்கின்றனர். பிரெஞ்சுக்காரரோ கோமாளி என்கின்றனர். மூன்றில் எது பொருத்தம் என்ற ஆராய்ச்சியில் இறங்க, மறைமாவட்ட இதழொன்றில் எழுதும் நமக்குத் துணிவில்லை!)

அதன்பின் நடப்பது என்ன? வெள்ளை தன் குதிரையை வெளிக்கொணர்கிறது. அடுத்து ராணியின் முன் நிற்கும் சிப்பாயையும் முன்னே தள்ளுகிறது. கறுப்பு தன் பக்கச் சிப்பாயால் அதை வெட்டுகிறது. வெள்ளைக் குதிரை கறுப்புச் சிப்பாயைத் திரும்ப வெட்டுகிறது. இக்கணக்கை நோக்குக. வெள்ளை நடுக்களத்துச் சிப்பாய் ஒன்றை இழந்தது. கறுப்பு ஓரம் சார்ந்த சிப்பாய் ஒன்றையே இழந்தது. கறுப்பின் நடுச்சிப்பாய்கள் இரண்டும் நிற்கின்றன. சிப்பாய் போன இடத்தில் திறந்த பாதையொன்று கறுப்பு யானைக்குக் கிடைக்கிறது. ஆயினும் இதற்கு விலை உண்டு. வெள்ளையின் காய்கள் விரைந்து வெளிவந்துவிடும். ராஜா பத்திரமாய் ஒதுங்குமுன்னரே கறுப்பின்மேல் பாய அவை ஆயத்தமாய் நிற்கும். ஒரு நகர்த்தல் பிழைத்தால் இருபது நகர்த்தலுக்குள் ஆட்டம் முடிந்துபோகும். பிழைக்காமல் தாக்குப்பிடித்தாலோ, ஆட்டத்தின் பிற்பகுதி கறுப்பின் கைக்கு மாறும். பெயர் தற்காப்பு, உள்ளே இருப்பதோ இருமுனைக் கத்தி. இருவரும் வெல்ல வாய்ப்புள்ள ஆட்டம் இது.

இதற்குச் சிசிலி என்ற பெயர் வந்த வரலாறு நம் வாசகர்க்கு உவப்பளிக்கும். இத்தாலிய ஆட்டக்காரர் ஜூலியோ பொலேரியோவின் 1594-ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படியொன்றில் இத்தொடக்கம் காணப்படுகிறது. 1617-இல் சிசிலித் தீவின் மிலித்தெல்லோ ஊரினரான பியெத்ரோ கரேரா என்னும் குருவானவர் சதுரங்கத்தைப் பற்றிப் பெருநூலொன்றை அச்சிட்டார். தீவின் பெயர் இத்தொடக்கத்தோடு ஒட்டிக்கொண்டதற்கு அந்நூலும் ஒரு காரணம் என்பர். வியப்பு இதோடு முடியவில்லை. சிசிலியனுக்கு எதிர்த்திசையில், ராஜாவின் சிப்பாய்க்கு ராஜாவின் சிப்பாயையே எதிரே நிறுத்தி ஆடும் முறைகளுள் தலைசிறந்தது ரூய் லோபஸ் தொடக்கம். இந்த ரூய் லோபஸ் என்பவரும் ஸ்பெயின் நாட்டுச் சாப்ரா ஊரினரான ஒரு குருவானவரே; அவருடைய நூல் 1561-இல் வெளிவந்தது. ஆக, இன்று உலகெங்கும் பிள்ளைகள் முதல் நகர்த்தலுக்கு எந்த விடையைத் தேர்ந்தாலும், நானூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட ஏதேனும் ஒரு குருவின் நிழலில் நின்றே ஆடுகின்றனர். பங்குப் பணிகளுக்கிடையே இவர்களுக்கு இவ்வளவு நேரம் எங்கிருந்து கிடைத்ததோ என்று நம் பங்குத்தந்தையர் வியக்கக்கூடும்.

சிசிலியனின் கிளைகள் பல. அவற்றுள் இளையோர் மிகுதியாய் ஆடுவது நைடார்ஃப் என்னும் கிளை. மேலே கூறிய நகர்த்தல்களுக்குப்பின், காய்கள் பாயத் துடித்துக்கொண்டிருக்கும் வேளையில், கறுப்பு ராணிப்பக்கத்து ஓரச் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்துகிறது. அவ்வளவே. அறியாதார் கண்ணுக்கு அது வீண் நகர்த்தல். உண்மையில் எதிரியின் குதிரையும் மந்திரியும் வந்தமரக்கூடிய கட்டத்தை அது முன்கூட்டியே அடைக்கிறது. பக்கத்துச் சிப்பாய் பின்னர் முன்னேறவும் வழி வகுக்கிறது. இந்தச் சிறு நகர்த்தலுக்குத் தம் பெயரை ஈந்த மனிதரின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவேண்டும் என்பது நம் கருத்து.

மியெச்சிஸ்வாவ் நைடார்ஃப் 1910-இல் போலந்தில் பிறந்த யூதர். 1939-இல் தம் நாட்டு அணியின் சார்பில் சதுரங்க ஒலிம்பியாட் ஆட அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸ் நகருக்குக் கப்பலேறிச் சென்றார். போட்டி நடந்துகொண்டிருக்கையிலேயே, செப்டம்பர் முதல் நாள், ஜெர்மானியப் படை போலந்துக்குள் புகுந்தது. திரும்ப வழியில்லை. மனைவி, குழந்தை, பெற்றோர், உடன்பிறந்தார் அனைவரும் போலந்தில். அவர் மட்டும் கடல் கடந்து, மொழி அறியாத நாட்டில். தாம் உயிரோடிருக்கும் செய்தியை அவர்களுக்கு எவ்வாறு தெரிவிப்பது? கடிதம் போகாத காலம் அது. அவர் கண்ட வழி விந்தையானது. பலகையைக் கண்ணால் பாராமல், நினைவாலேயே, ஒரே வேளையில் பலரோடு ஆடி உலகச் சாதனை படைப்பது. அச்செய்தி நாளேடுகளில் வரும். போலந்திலோ ஜெர்மனியிலோ ரஷ்யாவிலோ எவரேனும் தம் உறவினர் அதைப் படித்துவிடக்கூடும் என்பது அவர் நம்பிக்கை. 1943-இல் ரொசாரியோ நகரில் நாற்பது பேரோடும், 1947-இல் பிரேசிலின் சாவோ பவுலோவில் நாற்பத்தைந்து பேரோடும் அவ்வாறு ஆடினார். விடை வரவில்லை. மனைவியும் குழந்தையும் பெற்றோரும் உடன்பிறந்தாரும் நாசிகளின் கொடுமைக்கு இரையாகியிருந்தனர். மிகுவேல் என்று பெயர் மாற்றிக்கொண்டு, அர்ஜென்டினாக் குடிமகனாகி, புதுக் குடும்பம் கண்டு, 1997 வரை வாழ்ந்த அம்மனிதர், எண்பதைக் கடந்தபின்னும் பலகையை விட்டு அகலவில்லை. ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தும் குப்பனூர்ப் பிள்ளைக்கு இக்கதை தெரிந்திருப்பதால் ஆட்டம் கூடாமலிருக்கலாம், ஆயினும் தெரிந்திருக்கட்டும்.

இனி, இளையோர் போட்டியில் இத்தற்காப்பு நிகழ்த்திய ஓர் அருஞ்செயலைக் கூறுவோம். 1960-ஆம் ஆண்டு, லெனின்கிராடு நகரில் உலக மாணவர் அணிப் போட்டி. முதற் பலகையில் சோவியத் நாட்டின் சார்பில் அமர்ந்தவர் போரிஸ் ஸ்பாஸ்கி, அந்நகரிலேயே பிறந்தவர், 1955-இல் ஆன்ட்வெர்ப்பில் உலக இளையோர் பட்டம் வென்றவர், பிற்காலத்து உலக வாகையர். எதிரே அமெரிக்காவின் வில்லியம் லொம்பார்டி, நியூயார்க்கின் கத்தோலிக்கக் குடும்பத்து இளைஞர். இவரும் எளியவரல்லர்: 1957-இல் டொரான்டோவில் நடந்த உலக இளையோர் போட்டியில் பதினொரு சுற்றிலும் வென்று, ஒரு அரைப்புள்ளியும் விட்டுக்கொடுக்காமல் பட்டம் பெற்றவர். இருவரும் 1937-இல் பிறந்தவர்கள். ஸ்பாஸ்கிக்கு வெள்ளை, லொம்பார்டிக்குக் கறுப்பு. எதிராளியின் சொந்த ஊர், எதிராளியின் மக்கள், எதிராளிக்கு முதல் நகர்த்தல். அடங்கிப்போய் அரைப்புள்ளி பெற்றிருந்தாலே பாராட்டியிருப்பர். லொம்பார்டியோ சிசிலியனில் நைடார்ஃப் கிளையைத் தேர்ந்தார்; முப்பது நகர்த்தலுக்குள் ஸ்பாஸ்கியைப் பணியவைத்தார். சோவியத் மண்ணிலேயே சோவியத் அணியைப் பின்னுக்குத் தள்ளி அமெரிக்க மாணவர் தங்கம் வென்றனர்.

லொம்பார்டி அதன்பின் குருமடம் புகுந்து 1967-இல் குருப்பட்டம் பெற்றார். 1972-இல் ஐஸ்லாந்தில் பாபி ஃபிஷருக்கும் ஸ்பாஸ்கிக்கும் உலகப் பட்டப்போர் நடந்தபோது, ஃபிஷரின் அருகில் துணைவராய் நின்றவர் இந்த அருட்தந்தை லொம்பார்டியே. பின்னாளில் அவர் குருத்துவப் பணியினின்று விலகித் திருமணம் செய்துகொண்டார், 2017-இல் இறந்தார். இதையும் மறைக்காமல் சொல்வதே முறை. பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு மனிதரைப் புகழ்ந்துவிட்டு, பதின்மூன்றாம் ஆண்டில் அவர் பெயரையே மறந்துவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. லெனின்கிராடு ஆட்டத்தின் நகர்த்தல்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

நம் தமிழ்நாட்டிற்கு வருவோம். 1969-இல் மயிலாடுதுறையில் பிறந்த விசுவநாதன் ஆனந்த், சென்னை எழும்பூர் தொன் போஸ்கோ பள்ளியில் பயின்றவர் என்பதும், பின்னர் இயேசு சபையாரின் லொயோலாக் கல்லூரியில் வணிகவியல் பட்டம் பெற்றவர் என்பதும் நம் குடும்பங்கள் பெருமையோடு கூறிக்கொள்ளும் செய்திகள். சோவியத் கலாச்சார நிலையத்தில் இயங்கிய தால் சதுரங்கக் கழகத்திற்குச் சென்று ஆடிய சிறுவன் அவர். இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவேல் ஆரன் அக்கழகத்தின் தூண். 1983-இல் தேசிய சப்-ஜூனியர் போட்டியில் ஒன்பதுக்கு ஒன்பது. 1984-இல் நம் பக்கத்துக் கோயம்புத்தூரில் ஆசிய இளையோர் பட்டம். மறு ஆண்டு ஹாங்காங்கில் மீண்டும் அதே பட்டம். பதினைந்து வயதில் சர்வதேச மாஸ்டர். 1986-இல் பதினாறு வயதில் தேசிய வாகையர். 1987-இல் பிலிப்பைன்ஸ் நாட்டு மலைநகராகிய பாகியோவில் உலக இளையோர் பட்டம். இந்தியர் ஒருவர் அதை வென்றது அதுவே முதன்முறை. மறு ஆண்டு மீண்டும் கோயம்புத்தூரில், இந்தியாவின் முதல் கிராண்ட் மாஸ்டர் என்ற பெயர்.

அந்நாளில் அவர் ஆட்டத்தைக் கண்டவர் அனைவரும் வியந்தது வேகத்தைப் பற்றியே. எதிராளி அரைமணி சிந்திக்க, இவர் அரை நிமிடத்தில் நகர்த்திவிட்டு எழுந்து உலாவப் போய்விடுவார். கறுப்பு வந்தால் அவருக்கும் சிசிலியன் வேண்டும். நைடார்ஃப் கிளை அவருடைய நெடுநாள் தோழன். பெரியோர் பலர், "இப்பிள்ளை சற்று நிதானமாய் ஆடினால் என்ன?" என்று கேட்டிருப்பர் என்பதில் ஐயமில்லை. அவ்வாறு கேட்டு அவரைத் திருத்தியிருந்தால் பாகியோ கிட்டியிருக்குமா என்பது நம் ஐயம்.

ஆனால் இத்தற்காப்பு ஆனந்துக்கு வெற்றி மட்டுமே தந்தது என்று எண்ணிவிடலாகாது. 1995-இல் நியூயார்க் உலக வர்த்தக மையக் கட்டடத்தின் 107-ஆவது தளத்தில், உலகப் பட்டத்திற்காகக் கஸ்பரோவை அவர் எதிர்த்தார். முதல் எட்டு ஆட்டங்களும் சமன். ஒன்பதாவது ஆட்டத்தில் கஸ்பரோவ் சிசிலியன் ஆட, ஆனந்த் அதை உடைத்து வென்றார். தமிழகம் ஆர்ப்பரித்தது. பத்தாவதில் தோல்வி. பதினொன்றாவதில் கஸ்பரோவ் கறுப்பில் எடுத்தது சிசிலியனின் டிராகன் கிளை. உலகப் பட்டப்போர்களில் அதுவரை அவர் எடுக்காத ஆயுதம். டிராகன் என்பது திருவெளிப்பாட்டு நூலில் நாம் படிக்கும் பறவைநாகமே. கறுப்புச் சிப்பாய்கள் வளைந்து நிற்கும் தோற்றம் விண்மீன் கூட்டமொன்றின் பாம்பு வடிவை ஒத்திருப்பதால் ரஷ்யர் ஒருவர் இட்ட பெயர் என்பர். ஆனந்த் நிலைகுலைந்தார், தவறான நகர்த்தல் ஒன்று ஆட்டத்தைப் பறித்தது. பதின்மூன்றாவதிலும் அதே பறவைநாகம், அதே முடிவு. பட்டம் 10½–7½ என்ற கணக்கில் கஸ்பரோவிடமே தங்கியது. இருபத்தைந்து வயது இளைஞருக்கு, உலகம் முழுதும் பார்த்திருக்க, எத்தகைய அடி!

அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 2008-இல், ஜெர்மனியின் பான் நகரில் கிராம்னிக்கோடு மோதியபோது, ஆனந்த் செய்தது என்ன? மூன்றாவது ஆட்டத்திலும் ஐந்தாவது ஆட்டத்திலும் தமக்குக் கறுப்பு வந்தபோது, அடங்கிப்போகும் தற்காப்பை நாடாமல், மெரான் எனப்படும் மிகக் கூரிய தற்காப்பை எடுத்தார். இரண்டிலும் வென்றார். கறுப்பில் இரு வெற்றிகள். உலகப் பட்டம் 6½–4½ என்று அவருக்கு உறுதியாயிற்று. தம்மை வீழ்த்திய உத்தி எதுவோ அதையே தமதாக்கிக்கொண்டார் என்று நாம் இதைப் படிக்கிறோம். சதுரங்க அறிஞர் வேறு காரணம் கூறலாம். நம் மனம் இவ்விளக்கத்தையே விரும்புகிறது.

இவ்விடத்தில் மூத்தோர் ஒருவர் குறுக்கிட்டு, "எல்லாம் சரி, பிள்ளை மணிக்கணக்காய்ப் பலகையின் முன் உட்கார்ந்திருக்கிறானே, அதற்கென்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்பார். நியாயமான கேள்வி. புனித பிரான்சிஸ் சலேசியார் 1609-இல் வெளியிட்ட பக்தி வாழ்வுக்கான தமது முன்னுரை நூலில் இதைத் தொட்டிருக்கிறார். சதுரங்கத்தை நல்ல பொழுதுபோக்குகளுள் ஒன்றாகவே அவர் எண்ணினார். ஆயினும் ஐந்தாறு மணிநேரம் தொடர்ந்து ஆடினால் அது மனத்தை இளைப்பாற்றாது, களைப்பிக்கும் என்று எச்சரித்தார். அப்புனிதரின் பெயரைத் தாங்கிய சலேசிய சபையார் நடத்தும் பள்ளியின் மாணவரே பிற்காலத்தில் ஐந்தாறு மணிநேர ஆட்டங்களால் உலகப் பட்டம் பெற்றார் என்பதை எண்ணும்போது நமக்குப் புன்னகை அரும்புகிறது. அவிலா நகர்ப் புனித தெரேசம்மாளோ தம் கன்னியர்க்கு எழுதிய நூலில் சதுரங்கத்தையே உவமையாக்கி, தாழ்ச்சியே ராணியென்றும் அதுவே இறையரசரை வசப்படுத்தும் என்றும் விளக்கினார். மடத்தில் இவ்வாட்டம் கூடாதென்றிருக்க, தலைவியே அதன் நுட்பங்களைப் பேசுகிறாளே என்று தம்மைத் தாமே நகைத்துக்கொண்டார். ஸ்பெயின் நாட்டில் சதுரங்க ஆட்டக்காரரின் பாதுகாவலி அவரே.

இன்னொரு கேள்வியும் நம் குடும்பங்களுக்கு உண்டு. போட்டிகள் பெரும்பாலும் ஞாயிறன்றே வைக்கப்படுகின்றன. காலை எட்டு மணிக்குப் பதிவு என்றால் குப்பனூரிலிருந்து ஆறு மணிக்கே புறப்படவேண்டும். திருப்பலி? சனிக்கிழமை மாலைத் திருப்பலியில் பங்குகொள்ளத் திருச்சபை இடமளித்திருக்கிறது. அது நிறைவேறும் இடத்தை முன்கூட்டியே கேட்டறிந்து, பலகையையும் பையையும் எடுத்துவைப்பதற்குமுன் அதை முடிவு செய்துகொள்ளலாம். ஏற்பாடு செய்வோரிடம் சனிக்கிழமைப் போட்டிகளைக் கேட்டு வாங்குவது பங்கு இளைஞர் அமைப்புகளின் வேலை; அதைப் பெற்றோர் தனித்தனியே செய்ய இயலாது.

செலவு அடுத்தது. 2018-இல், திருத்தூதர் யாக்கோபின் கல்லறைத் திருத்தலமாகிய ஸ்பெயினின் சந்தியாகோ தெ கொம்போஸ்தெலாவில், பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் உலகப் பட்டத்தைச் சென்னைச் சிறுவன் தொம்மராஜு குகேஷ் வென்றான். ஆறு ஆண்டுகளில், 2024 டிசம்பர் 12-ஆம் நாள், சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று, பதினெட்டு வயதில் உலக வாகையர் ஆனார், சர்ச்சையற்ற உலக வாகையருள் வரலாற்றிலேயே இளையவர். அதன்பின்னால் மருத்துவத் தொழிலை ஒதுக்கிவைத்து மகனோடு நாடு நாடாய்ச் சென்ற தந்தையும், தம் ஊதியத்தால் இல்லத்தைத் தாங்கிய தாயும் இருந்தனர். அவர்தம் நண்பர்களும் பொருளுதவி செய்தனர். காப்பித் தோட்டத்திலோ கட்டட வேலையிலோ நாட்கூலி பெறும் நம் மலையடிவாரத்துக் குடும்பங்கள் இவ்வாறு செய்ய இயலுமா? இயலாது. ஒரு நாள் வேலையை விட்டால் அன்றைய அடுப்பு கேள்விக்குறியாகும். ஆகவே ஒவ்வொரு பிள்ளையையும் குகேஷாக்கும் கனவை நாம் விற்கப்போவதில்லை. பயிற்சிக் கட்டணத்திற்குக் கடன் வாங்கியோரையும், பிள்ளை தோற்றதும் அக்கடனையே பிள்ளையின் முகத்தில் எறிந்தோரையும் நாம் அறிவோம். பலகையும் காய்களும் வாங்க அதிகம் ஆகாது. பங்கு மன்றத்தில் நான்கு பலகைகள் இருந்தால் எட்டுப் பிள்ளைகள் ஆடலாம். அதற்குமேல் கடன் வேண்டாம் என்பதே நம் துணிபு.

கடன் வேண்டாத உதவி ஒன்று உண்டு. போட்டியில் ஆடும் பிள்ளைகள் தம் நகர்த்தலையும் எதிராளியின் நகர்த்தலையும் ஒரு தாளில் குறிப்பதுண்டு. அத்தாள் பையில் மடிந்து, பேருந்துச் சீட்டோடு கசங்கி, வீடு வந்து சேர்கிறது. பெரும்பாலான வீடுகளில் அதை எவரும் திறந்து பார்ப்பதில்லை. புள்ளி எத்தனை என்று மட்டும் கேட்கின்றனர். அன்றிரவு அதை விரித்து, பலகையில் காய்களை அடுக்கி, "எந்த இடத்துல பயம் வந்துச்சு, காட்டு கண்ணு" என்று கேட்கலாம். ஆட்டம் தெரியாத தாயும் கேட்கலாம். பிள்ளை காட்டும். சிசிலியனில் தோற்ற ஆட்டமாயின் இன்னும் ஆர்வமாய்க் காட்டும்; ஏனெனில் அதில் தானாய்த் தேர்ந்த இடங்கள் பல இருக்கும். எதிராளியைப் பார்த்து ஆடிச் சமன் செய்த ஆட்டத்தில் காட்ட ஒன்றுமிராது.

ஆனந்துக்குச் சதுரங்கம் கற்பித்தவர் தாயார் சுசீலா. தந்தைக்குப் பிலிப்பைன்ஸ் நாட்டு ரயில்வேயில் பணி கிடைத்து, குடும்பம் மணிலாவில் குடியிருந்த காலம். அங்குத் தொலைக்காட்சியில் பிற்பகல் ஒன்று முதல் இரண்டு மணிவரை சதுரங்க நிகழ்ச்சி ஒன்று. முடிவில் ஒரு புதிர். அந்நேரம் சிறுவன் பள்ளியில் இருப்பான். தாயார் நிகழ்ச்சியை உட்கார்ந்து பார்த்து, ஆட்டங்களையும் புதிரையும் தாளில் எழுதி வைப்பார். மாலையில் மகன் வந்ததும் இருவரும் சேர்ந்து விடை கண்டு அஞ்சலில் அனுப்புவர். சரியான விடைக்குப் பரிசு ஒரு நூல். வாரந்தோறும் பரிசு ஒரே வீட்டிற்குச் சென்றுகொண்டிருக்கவே, நிலையத்தார் இறுதியில் சிறுவனை அழைத்து, நூலகத்திலிருந்து வேண்டிய நூல்களையெல்லாம் எடுத்துக்கொள்ளுமாறும், தயவுசெய்து இனி விடை அனுப்பவேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டனர்.